எழுதாத பாலுக்குச் சம்பளம் இல்லை



பால்மரம் வெட்டும் எவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாக நடந்து, நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, மங்கு மங்காகப் பாலை வாளியில் சேர்த்து, தோளிலே சுமந்து வந்து நிறுத்துப் போட்டால் மட்டும் போதாது. அந்த எடை கிராணியாரின் புத்தகத்தில் ஏற வேண்டும். ஏறாவிட்டாலும் பால் ஆலைக்குப் போகும், இரப்பராகும், கப்பலேறும், கம்பெனிக்குப் பணமாகும். வெட்டியவரின் சம்பளச் சீட்டில் மட்டும் அது வராது. அதனால்தான் நம் தாய்மார்கள் பால் நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்ப்பதைவிடக் கிராணியாரின் பேனாவையே உற்றுப் பார்ப்பார்கள். எழுதாத பாலுக்குச் சம்பளம் இல்லை என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

வேலைக்காட்டில் இப்பாடத்தை மறவாத நாம், நம் பிள்ளைகளின் படிப்பு விஷயத்தில் மட்டும் இதை அடியோடு மறந்துவிடுகிறோம். பிள்ளை பத்து ஆண்டு, பதினோராண்டு உழைக்கிறது. தேர்வு எழுதுகிறது. கல்லூரிக்கோ, பல்கலைக்கழகத்துக்கோ, உபகாரச் சம்பளத்துக்கோ மனுச் செய்யும் நாள் வருகிறது. அப்போது ஒரு தாளைக் கொடுத்து, ‘உன்னைப் பற்றி எழுது, நீ என்னென்ன செய்தாய் என்று எழுது’ என்கிறார்கள். ‘ரெஸ்யூமே’ என்றும் சுயவிவரக் குறிப்பு என்றும் அதற்குப் பெயர். நம் பிள்ளை அந்தத் தாளைப் பார்த்துப் பேனாவை மூடி வைத்துவிடுகிறது. ‘நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லையே!’ என்று நினைக்கிறது.

உண்மையிலேயே ஒன்றும் செய்யவில்லையா? இதைத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

நான் முத்திரை குத்திய வெற்றுத் தாள்

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு நான் ஒரு தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியாக இருந்த காலம். பால் வெட்டுக்காரர் ஒருவரின் மகள், எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்ற பிள்ளை, ஒரு கல்வி நிதிக்கு மனுச் செய்யும் பாரத்தோடு வந்தாள். தகப்பனாரின் சம்பளத்தை உறுதிப்படுத்தித் தோட்டத்து முத்திரை வைத்துக் கொடுக்க வேண்டும். பாரத்தைப் புரட்டிப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து. பெயர், விலாசம், தேர்வு முடிவு எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் அரைப் பக்க அளவுக்கு ஒரு கட்டம். புறப்பாட நடவடிக்கைகள், சமூகத் தொண்டு, வகித்த பொறுப்புகள் பற்றி எழுதச் சொல்லும் கட்டம். அதில் ஒரே ஒரு கோடு கிழித்திருந்தாள்.

“என்னம்மா, இதிலே ஒண்ணும் எழுதலையா?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்லீங்க ஐயா. படிச்சேன். வீட்டு வேலை செஞ்சேன். அவ்வளவுதான்.”

சரி என்று முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டேன். எனக்கு அன்று மாதச் சம்பளக் கணக்கு முடிக்கும் அவசரம். அந்தப் பிள்ளைக்கு நேர்காணல் அழைப்பு வரவில்லை.

அடுத்த ஆண்டுக் கோயில் திருவிழாவில் அவளுடைய தாயார் பேச்சுவாக்கில் சொன்னவற்றைக் கேட்டுத்தான் எனக்குத் தலை குனிந்தது. நான்கு ஆண்டுகள், மாலைதோறும், ஆயாக்கொட்டகைத் திண்ணையில் லயத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து மலாய்மொழியும் கணக்கும் சொல்லிக் கொடுத்தவள் அவள். திருவிழா வரவு செலவுக் கணக்கை இரண்டு ஆண்டு எழுதி, சதம் பிசகாமல் ஒப்படைத்தவள் அவள். தன் பாட்டியை மட்டுமல்லாமல் லயத்துக் கிழவிகள் பலரையும் அரசாங்க மருந்தகத்துக்கு அழைத்துப் போய், டாக்டர் மலாயில் சொல்வதைத் தமிழில் சொல்லி, மருந்து வேளையைத் தாளில் எழுதிக் கொடுத்தவளும் அவளே. இவற்றில் பாதியை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன்! ஆபீசுக்குப் போகும் வழியில்தானே அந்த ஆயாக்கொட்டகை!

அந்த வெற்றுக் கட்டத்தால்தான் அவளுக்கு நிதி கிடைக்கவில்லை என்று என்னால் சாதிக்க முடியாது. மனுச் செய்தோர் பலர், கிடைத்தோர் சிலர். ஆனால் ஒன்று சொல்வேன். ஒரு பிள்ளை நான்கு ஆண்டு சேர்த்த பாலை என் முன்னே கொண்டுவந்து வைத்தாள். எழுதுவதே தொழிலாகக் கொண்ட நான் அதை எழுதாமல் விட்டேன். அவளும் தான் செய்ததை வேலை என்று நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. பிழை இங்கேதான் இருக்கிறது.

பத்துப் புள்ளியின் கணக்கு

இந்தத் தாளுக்கு அப்படி என்ன மதிப்பு என்று சிலர் கேட்கலாம். கணக்கைச் சொல்கிறேன்.

நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் கேட்போர் யு.பி.யு. வழியாக மனுச் செய்கிறார்கள். அங்கே தகுதிப் புள்ளி நூற்றுக்குக் கணக்கிடப்படுகிறது. தேர்வு முடிவுக்கு 90. புறப்பாட நடவடிக்கைக்கு 10. ‘பத்துதானே’ என்று அலட்சியமாகச் சொல்லிவிடலாம். ஒரே மாதிரித் தேர்ச்சி பெற்ற பலர் ஒரே இடத்துக்கு மோதும்போது, ஒரு புள்ளியில், அரைப் புள்ளியில் பிள்ளையின் வாழ்க்கை திசை மாறுகிறது. அங்கே பத்து என்பது சிறிய எண் அன்று.

இந்தப் பத்து எங்கிருந்து வருகிறது? சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு ஆகிய மூன்றிலும் பிள்ளை சேர்ந்ததா, ஒழுங்காக வந்ததா, என்ன பொறுப்பு வகித்தது, பள்ளி அளவிலா, மாவட்ட அளவிலா, மாநில அளவிலா போட்டியில் கலந்துகொண்டது, என்ன பெற்றது என்று ஆசிரியர்கள் பதிந்து வைப்பதிலிருந்து வருகிறது. தேர்வு முடிந்த பிறகு ஓடிப் போய் இதைச் சம்பாதிக்க முடியாது. வெட்டாத நாளுக்கு மாதக் கடைசியில் பால் ஊற்ற முடியுமா? அதுபோலத்தான்.

அடுத்தது உபகாரச் சம்பளமும் நேர்காணலும். பொதுச் சேவைத் துறையாகட்டும், மாநில அரசாங்கங்களின் அறநிதிகளாகட்டும், பெரிய நிறுவனங்களாகட்டும், உதவி கேட்டு வரும் பிள்ளையின் தேர்வு முடிவோடு நிற்பதில்லை. இந்தப் பிள்ளை யார், எதற்கு ஆசைப்படுகிறது, பிறருக்கு என்ன செய்தது என்றும் பார்க்கிறார்கள். ஆசிரியர் பயிற்சிக் கழகத்துக்குப் போகிற பிள்ளைக்கும் நேர்காணல் உண்டு. கேள்வி கேட்பவர் கையில் முதலில் இருப்பது அந்த விவரத்தாள்தான். பிள்ளை கதவைத் திறந்து உள்ளே நுழையுமுன் அந்தத் தாள் நுழைந்துவிடுகிறது.

மிக நல்ல தேர்ச்சி பெற்ற பிள்ளைகளுக்கு இப்போது ஒரு வழி எளிதாகியிருக்கிறது. எஸ்.பி.எம்.மில் 10 ஏ அல்லது அதற்கு மேல் பெற்ற மாணவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷனில் இடம் என்று 2024இல் அரசாங்கம் அறிவித்தது. மகிழ்ச்சி! ஆனால் நம் லயத்துப் பிள்ளைகளில் 10 ஏ எடுப்போர் எத்தனை பேர்? ஐந்து ஏ, ஆறு ஏ எடுத்துவிட்டு, ஆறாம் படிவமா, மெட்ரிகுலேஷனா, பாலிடெக்னிக்கா என்று திகைத்து நிற்பவர்களே அதிகம். இந்த நடுவரிசைப் பிள்ளைகளுக்குத்தான் விவரத்தாள் மிகவும் முக்கியம். தேர்வுத் தாள் பாதிதான் பேசியிருக்கிறது. மீதியை இந்தத் தாள் பேச வேண்டும்.

கட்டம் ஏன் வெறுமையாகிறது?

நம் பிள்ளைகள் சோம்பேறிகள் அல்லர். கட்டம் வெறுமையாவதற்குக் காரணங்கள் உண்டு. மூன்றைச் சொல்கிறேன்.

முதல் காரணம் பஸ். புறப்பாட நடவடிக்கை, பெரும்பாலும் புதன்கிழமை, பிற்பகலில் நடக்கும். தோட்டத்துக்கு வரும் பஸ்ஸோ வேனோ பள்ளி விட்டதும் புறப்பட்டுவிடும். அதை விட்டால் பிள்ளை செம்மண் சாலையில் பல மைல் நடந்து வர வேண்டும். பெண் பிள்ளையானால் பெற்ற மனம் பதறாதா? ‘நீ கிளம்பி வந்துடு ஆத்தா, விளையாட்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்’ என்று தாய் சொல்கிறாள். அவள் சொல்வதில் தவறில்லை. ஆனால் பட்டணத்துப் பிள்ளைக்கு ஆண்டு முழுதும் வருகை பதிவாகிறது. நம் பிள்ளைக்குப் பாதி நாள் ‘இல்லை’ என்று பதிவாகிறது. பெரட்டுக்கு வராதவருக்குப் பேர் போடுவார்களா?

இரண்டாவது காரணம் செலவு. சீருடைக்குப் பணம், முகாமுக்குப் பணம், போட்டிக்குப் போகப் பணம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது உண்மைதான். அந்தச் சம்பளத்தில் அரிசி வாங்கி, மருந்து வாங்கி, கடன் கட்டி, மிஞ்சியதில் சாரணர் சீருடை வாங்க வேண்டும் என்றால் அது எளிதா?

மூன்றாவது காரணம்தான் மிகக் கொடியது. அது நம் மனத்தில் இருக்கிறது. பட்டணத்துப் பிள்ளை பியானோ வகுப்புக்குப் போனால் அது ‘நடவடிக்கை’. நம் பிள்ளை உருமி மேளம் அடித்தால் அது ‘ஊர் சுற்றுவது’. அவன் முதியோர் இல்லத்துக்கு ஒருநாள் போய்ப் படம் எடுத்துக்கொண்டால் அது ‘சமூகத் தொண்டு’. இவள் படுக்கையில் கிடக்கும் பாட்டியை மூன்றாண்டு பார்த்துக்கொண்டால் அது ‘வீட்டு வேலை’. நம்மை நாமே இப்படித் தாழ்த்திப் பழகிவிட்டோம். பிறர் நம் எடையைக் குறைத்து எழுதினால் சங்கத்துக்கு ஓடி வருகிறோம். நம் எடையை நாமே குறைத்து எழுதிக்கொண்டால் யாரிடம் முறையிடுவது?

எதை எழுதுவது?

ஆகவே பெற்றோர்களே, இந்தப் பட்டியலைக் கேளுங்கள். உங்கள் பிள்ளை தோட்டத்துக் காற்பந்துக் குழுவில் ஆடுகிறானா? எழுதுங்கள். எந்த ஆண்டு முதல், எந்த இடத்தில் ஆடுகிறான், குழுவுக்குத் தலைவனாக இருந்தானா என்று எழுதுங்கள். கோயிலில் தேவார வகுப்பு நடத்துகிறாளா? எத்தனை பிள்ளைகளுக்கு, வாரத்தில் எத்தனை நாள் என்று எழுதுங்கள். பள்ளி விடுமுறையில் பட்டணத்துக் கடையில் வேலை பார்த்தானா? எத்தனை மாதம், என்ன வேலை, கல்லாவில் நின்றானா, சரக்குக் கணக்குப் பார்த்தானா என்று எழுதுங்கள். தாய் விடியற்காலையில் வெட்டுக்குப் போன பிறகு தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தானும் போகிறாளா? அது பொறுப்பு. அதையும் எழுதுங்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் பேசுகிறாளா? அது பெரிய சொத்து. அதற்கு ஒரு வரி கொடுங்கள்.

எழுதும் முறை ஒன்று உண்டு. கிராணியார் ‘நிறையப் பால்’ என்று எழுதுவதில்லை. கிலோவை எழுதுகிறார். அதுபோல, ‘சமூகத் தொண்டில் ஆர்வம் உண்டு’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ‘மூன்று ஆண்டுகள், வாரத்தில் மூன்று மாலை, தொடக்கப் பள்ளி மாணவர் எட்டுப் பேருக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன்’ என்று எழுதினால் அதில் எடை இருக்கிறது. எப்போது, எங்கே, எத்தனை, என்ன பயன் ஆகிய நான்கும் இருந்தால் வரி நிற்கும்.

தாள் நீளமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் போதும், மிஞ்சினால் இரண்டு. மேலே பெயர், விலாசம், தொலைபேசி எண். அதன்கீழ் படித்த பள்ளிகள், தேர்வு முடிவுகள். அடுத்து பள்ளியில் வகித்த பொறுப்புகளும் நடவடிக்கைகளும். அடுத்து வீட்டிலும் தோட்டத்திலும் கோயிலிலும் செய்தவை. பிறகு மொழிகள், கைத்திறன்கள். கடைசியில், ‘ஆம், இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும்’ என்று சொல்லக்கூடிய இருவர் பெயர். ஒருவர் ஆசிரியராக இருக்கட்டும். மற்றவர் தோட்டத்துக் கிராணியாராகவோ, கிளைச் செயலாளராகவோ, கோயில் தலைவராகவோ இருக்கலாம். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கிவிட வேண்டும்.

முதல் எழுத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். கல்லூரி மலாயில் கேட்டாலும் ஆங்கிலத்தில் கேட்டாலும் முதலில் தமிழில், தாய் தகப்பன் பக்கத்தில் இருக்க, எழுதட்டும். பிள்ளை மறந்ததைத் தாய் நினைவு வைத்திருப்பாள். ‘ஏண்டா, அந்த வெள்ளத்திலே அரிசி மூட்டை தூக்கினியே, அதை எழுதலையா?’ என்று அவள் கேட்பாள். பிறகு மொழிபெயர்த்துக்கொள்ளலாம். நேராக ஆங்கிலத்தில் எழுதப் போனால் ஆங்கிலம் தெரிந்த அளவுக்குத்தான் பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்லும். அது பிள்ளையின் அளவாகாது.

ஒரு நோட்டுப் புத்தகமும் ஓர் உறையும்

இதையெல்லாம் ஐந்தாம் படிவம் முடிந்த பிறகு தொடங்கினால் அவசரம். முதலாம் படிவத்தில் பிள்ளை சேரும் அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். மாதம் ஒரு முறை, சம்பள நாளன்று, அந்த மாதம் என்ன செய்தது என்று நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். ஐந்து ஆண்டில் அந்த நோட்டே பாதி விவரத்தாள்.

அதோடு ஒரு கெட்டியான உறை. பிள்ளை எந்தத் தாள் கொண்டுவந்தாலும், மூன்றாம் பரிசு என்றாலும், வெறும் கலந்துகொண்ட சான்றிதழ் என்றாலும் அதில் போடுங்கள். நம் வீடுகளில் இந்தச் சான்றிதழ்கள் சுவரில் ஒட்டப்பட்டுப் புகை பிடித்துப் போகின்றன. அல்லது கரையானுக்கு இரையாகின்றன. கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மிக முக்கியமான ஒன்று பெயர். பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் ஓர் எழுத்து, பள்ளிச் சான்றிதழில் இன்னோர் எழுத்து என்று நம் பிள்ளைகளின் பெயரும் தகப்பன் பெயரும் ரோமன் எழுத்தில் பலவிதமாக நிற்கின்றன. அந்தக் காலத்தில் மலாயோ ஆங்கிலமோ எழுதத் தெரியாத தகப்பன் வாயால் சொன்னதை எழுதியவர் தம் காதுக்குப் பட்டபடி எழுதினார். அதன் தொல்லை இன்றுவரை தொடர்கிறது. மனுச் செய்யும் நாளில் கண்டுபிடித்தால் திருத்த நேரம் இருக்காது. 12 வயதில் மைகார்டு எடுக்கிறார்களே, அப்போதே எல்லாத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். பிறப்புப் பத்திரமே இல்லாத, குடியுரிமைச் சிக்கல் உள்ள பிள்ளை லயத்தில் இருந்தால் அதை மறைக்காமல் இன்றே கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியது பிள்ளையல்ல.

தண்ணீர் கலவாதீர்

ஓர் எச்சரிக்கை. பெரிதாக எழுத வேண்டும் என்ற ஆசையில் பொய்யை எழுதிவிடக் கூடாது. வகிக்காத தலைவர் பதவி, போகாத முகாம், வாங்காத பரிசு எதையும் எழுதக் கூடாது. பாலில் தண்ணீர் கலந்தால் மெட்ரோலாக் காட்டிக் கொடுத்துவிடும் என்று நமக்குத் தெரியும். நேர்காணல் என்பதும் மெட்ரோலாக்தான். ‘முகாமில் எத்தனை நாள் இருந்தாய்? என்ன சமைத்தாய்?’ என்ற இரண்டே கேள்வியில் தண்ணீர் தெரிந்துவிடும். அதன் பிறகு மற்ற வரிகள் உண்மையாக இருந்தாலும் நம்ப மாட்டார்கள்.

விவரத்தாள் எழுதித் தருகிறோம், இடம் வாங்கித் தருகிறோம் என்று காசு கேட்டு வருவோரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். சந்தையில் மேசை போட்டுப் படம் காட்டும் தரகரிடம் அடையாள அட்டை எண்ணையும் முன்பணத்தையும் கொடுத்து ஏமாறாதீர்கள். பட்டப்படிப்புக் கடனுக்கு 1997இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். இருக்கிறது. தொழில் கற்க 1969இல் ஈப்போவில் தொடங்கிய உங்கு ஓமார் பாலிடெக்னிக்கும் அதன் வழியே நாடெங்கும் எழுந்த மற்றப் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. உறுப்பினராக இருப்போர், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்திடம் கல்வி உதவி பற்றிக் கேட்டுப் பாருங்கள். நேர்வழிகளை முதலில் தட்டிப் பாருங்கள்.

கிராணிமார்களுக்கு

இனி என் இனத்தாராகிய கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டப் பள்ளிகளின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. நிர்வாகங்கள் கொட்டகை போட்டன. ஆனால் வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கத் தயங்கின. பல தோட்டங்களில் கிராணியாரோ கங்காணியாரோதான் வேலை முடிந்த நேரத்தில் வாத்தியாராக உட்கார்ந்தார்கள். குறைகள் ஆயிரம் இருக்கலாம். ஆனால் அ, ஆ என்று முதல் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தவர்களில் நம் முன்னோரும் இருந்தார்கள். அந்தக் கடமை இன்று வேறு உருவத்தில் நம் மேசைக்கு வந்திருக்கிறது. பிள்ளை பாரத்தோடு வந்தால் முத்திரையை எடுக்குமுன் நாற்காலியைக் காட்டுங்கள். ‘உட்காரும்மா, மாலையில் நீ என்ன செய்வே, சொல்லு’ என்று கேளுங்கள். அரைமணி நேரம்தான் ஆகும். அந்த அரைமணியை நான் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கத் தவறினேன். இன்றுவரை அது உறுத்துகிறது.

சங்கம் செய்ய வேண்டியது

‘உழைக்கும் ஏழைப் பிள்ளையைத் தாள் எழுதச் சொல்லி அலைக்கழிப்பதே அநியாயம். அந்த முறையை எதிர்க்காமல் தாள் எழுதக் கற்றுக் கொடுக்கிறீரே’ என்று இளைஞர்கள் சிலர் என்னைக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பஸ் இருக்கிற பிள்ளையையும் பஸ் இல்லாத பிள்ளையையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமன்றுதான். ஆனால் தராசு சரியில்லை என்பதற்காக நாம் பால் வெட்டாமல் இருந்ததில்லை. வெட்டினோம், நிறுத்தோம், எழுத வைத்தோம், அதே நேரத்தில் தராசைத் திருத்தவும் போராடினோம். 1954இல் நம் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் எழுந்ததும் சிதறிக் கிடந்தவர்கள் ஒன்றாகி நியாயமான எடையையும் கூலியையும் கேட்பதற்காகத்தான். இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் நாம்.

ஆகவே என் யோசனைகள் மூன்று. ஒன்று: மாப்பாவோடு கூட்டு ஒப்பந்தம் பேசும்போது, இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பிற்பகல் திரும்பி வர வாகனம் என்ற கோரிக்கையையும் மேசையில் வைக்க வேண்டும். ஒரு லாரிக்கு ஊற்றும் எண்ணெய்ச் செலவில் ஒரு தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரின் பத்துப் புள்ளியும் அடங்கியிருக்கிறது. இரண்டு: ஒவ்வொரு கிளையும் ஆண்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ ஒரு மேசை போடட்டும். கிராணியார் ஒருவர், ஆசிரியர் ஒருவர், பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளை ஒருவர் அதில் உட்காரட்டும். வருகிற பிள்ளைக்கெல்லாம் விவரத்தாள் எழுத உதவட்டும். மூன்று: பொறுப்பு வகித்த பிள்ளைக்குக் கிளை தன் தலைப்புத் தாளில், நாளிட்டு, கையெழுத்திட்டு, உண்மையை மட்டும் எழுதி ஒரு சான்று கொடுக்கட்டும். இதற்குச் செலவு ஒரு தாள்தான்.

1950களில் கோ. சாரங்கபாணி அவர்கள் ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தின் தமிழ் நூலகத்துக்காகத் தோட்டத்து மக்களும் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசற்படியைக் கண்டவர்கள் அவர்களில் எத்தனை பேர்? தாங்கள் நுழைய முடியாத கட்டடத்துக்குப் புத்தகம் வாங்கக் கொடுத்தார்கள். அவர்களுடைய பேரனும் பேத்தியும் இன்று அதே வாசலில் நின்று மனுக் கொடுக்கிறார்கள். அந்த மனு வெறுமையாக இருக்கலாமா?

தோழர்களே! பல தோட்டங்களில் இரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. இருக்கிற இடத்திலும் வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற நிலையில் வாழ்பவர்கள் நம்மில் பலர். பிள்ளைக்கு எழுதி வைக்க நமக்குக் காணி இல்லை. பிள்ளையைப் பற்றி எழுதி வைக்கவாவது நம்மால் முடியும்.

அடுத்த சம்பள நாளன்று கடைக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகமும் ஓர் உறையும் வாங்கி வாருங்கள். அன்று இரவே பிள்ளையை உட்காரவைத்து, இந்த மாதம் என்ன செய்தாய் என்று கேளுங்கள். ‘ஒன்றும் செய்யவில்லை’ என்றுதான் முதலில் சொல்லும். நம்பாதீர்கள். திரும்பக் கேளுங்கள்.